அந்தமானில் ஆறு நாள்: ஹேவ்லாக்கா, நீலா, பாரட்டாங்கா, திக்லிப்பூரா?

அந்தமானுக்கு விமான டிக்கெட் போட்டவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். கையில் இருப்பது ஐந்து இரவு, ஆறு பகல். பார்த்தே ஆகவேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லும் இடங்களைக் கூட்டினால் பத்து நாளும் போதாது. ராதாநகர் கடற்கரை, நீல் தீவின் இயற்கைக் கல் பாலம், பாரட்டாங் சுண்ணாம்புக் குகை, ஜாலிபாய் பவளப்பாறை, ராஸ்–ஸ்மித் மணல் திட்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். டூர் ஏற்பாட்டாளர்கள் அனுப்பும் அட்டவணை இதில் முக்கால்வாசியை ஆறு நாளுக்குள் அடைத்துத் தருகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதா, வெட்டுவதென்றால் எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாளில் போர்ட் பிளேயரைத் தவிர இரண்டு தீவுகள் போதும். நீல் தீவுக்கு எல்லோரும் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. பாரட்டாங்கைச் சாலை வழியாகப் போய்ப் பார்ப்பதாக இருந்தால் அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக: ஹேவ்லாக் 2018 டிசம்பர் முதல் சுவராஜ் தீவு, நீல் தீவு ஷாகீத் தீவு. போர்ட் பிளேயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பெயர்களே இன்னும் எல்லோர் வாயிலும் இருப்பதால் இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.)

## எதை வைத்து முடிவெடுப்பது?

கடல் ஏறுவதும் வற்றுவதும். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கடல் பார்க்கப் போகும்போது நாம் யாரும் இதை யோசிப்பதில்லை. அந்தமானில் இதை யோசிக்காமல் போனால் பாதி இடங்கள் வீண். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். சில இடங்கள் கடல் வற்றினால்தான் தெரியும், சில இடங்களில் கடல் ஏறினால்தான் படகே ஓடும். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை போர்ட் பிளேயருக்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பயணத் தேதிகளுக்கான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் நாள் பிரிக்கவே உட்கார வேண்டும்.

கப்பல். தீவுக்குத் தீவு போவது பெரும்பாலும் கப்பலில்தான். காற்று பலமாக வீசினால் கப்பல் ரத்தாகும், அல்லது நேரம் மாறும். தீவிலிருந்து நேராக விமான நிலையத்துக்குப் போகும்படி யாரும் திட்டம் போடக் கூடாது. கடைசி இரவு போர்ட் பிளேயரில்தான் என்பதை மாறாத கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஐந்து இரவு என்பது உண்மையில் நான்குதான்.

வெளிச்சம். சென்னையைவிடக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். அதனால் டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும், 5:30-க்கெல்லாம் இருட்டத் தொடங்கும். காலை 5:30-க்கு நன்றாக விடிந்திருக்கும். எட்டு மணிக்கு எழுந்து பத்து மணிக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு நாளில் ஆறேழு மணி நேரப் பகல்தான் மிஞ்சும்.

உடம்பு. கூட வருபவர்களில் படகில் ஏறி இறங்கச் சிரமப்படுபவர், கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுப்பவர், முட்டி வலிக்காரர் யார் யார் என்று நேர்மையாகக் கணக்கெடுங்கள். பல இடங்களில் வழுக்குப் பாறை, ஈர மணல், ஆடும் படகு மூன்றையும் தாண்ட வேண்டியிருக்கும்.

நாம் போவதால் அங்கே என்ன ஆகிறது. இதைக் கடைசியில் எழுதினாலும் எனக்கு இதுதான் முக்கியம். பவளத்தின் மேல் ஒரு கால் பட்டால் அது வளர எடுத்த பல வருடங்கள் போயிற்று. காட்டுக்குள் வாழும் ஒரு மக்கள் கூட்டத்தின் வாசல் வழியாக நம் வண்டி போனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர்கள் நாம் இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஹேவ்லாக் | நீல் | போர்ட் பிளேயர் சுற்றுவட்டம் | பாரட்டாங் | திக்லிப்பூர் |
|---|---|---|---|---|---|
| முக்கியமாக எதற்கு | அகன்ற கடற்கரை, கடலுக்கடியில் நீச்சல் | கல் பாலம், வற்றுக் குட்டைகள், அமைதி | பவளம், காடு, பறவை | குகை, சுரபுன்னைக் காடு | ஆமை, மணல் திட்டு, மலையேற்றம் |
| போகும் நேரம் | கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி | ஏறக்குறைய அதே | காரில் ஒரு மணி, சில இடங்களுக்கு அதன்பின் படகு | விடியலுக்கு முன் கிளம்பி முழு நாள் | சாலையில் 12 மணி நேரம் வரை, அல்லது இரவுக் கப்பல் |
| வேண்டிய இரவுகள் | 2 | 2 | 1 முதல் 2 | இரவு தங்குபவர் குறைவு | குறைந்தது 3 |
| கடல் வற்றுவதன் பாதிப்பு | கொஞ்சம் | மிக அதிகம் | கொஞ்சம் | குறைவு | மணல் திட்டுக்கு அதிகம் |
| வயதானவர்களுக்கு | நல்லது | நல்லது, கல் பாலம் தவிர | நல்லது | கடினம் | கடினம் |
| தெரியாமல் ஏறும் செலவு | நீர் விளையாட்டு, வாடகைக் கார் | அநேகமாக இல்லை | அனுமதி, படகு | தூக்கம், ஒரு முழு நாள் | பயண நாட்கள் |

## ஹேவ்லாக்

எல்லோரும் போவதாலேயே இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராதாநகர் கடற்கரையில் மாலை நான்கு மணிக்குப் போய் நின்றால் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று புரியும். கரையை ஒட்டியே வானளாவிய மரங்கள், அதற்கு முன்னால் வெள்ளை மணல், மேற்குப் பார்த்த கடல். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து இதற்குக் கூட்டம் கூடிவிட்டது. ஆனாலும் கரை நீளமானது. நுழைவாயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்துவிட்டால் கூட்டம் பின்னால் போய்விடும்.

கடலுக்கடியில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தத் தீவுதான் சரி. நீச்சல் தெரியாதவரையும் பயிற்சியாளர் கையைப் பிடித்து ஆழம் குறைந்த இடத்துக்கு அழைத்துப் போகும் ஏற்பாடு இங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளை அழைத்துப் போகமாட்டார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இன்னொன்றைப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஸ்கூபா எனும் இந்தக் கடலடி நீச்சலை முடித்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. எனவே பயணத்தின் கடைசிப் பகுதியில் ஹேவ்லாக்கை வைத்தால் ஸ்கூபா கைவிட்டுப் போகலாம். முதல் பகுதியிலேயே வைத்துவிடுங்கள்.

எலிஃபென்ட் கடற்கரையைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, அங்கே படகிலும் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். மழை இல்லாத நாளில் நடப்பது நன்றாக இருக்கும், ஈரமாக இருந்தால் சேறு கணுக்காலைத் தாண்டும். இரண்டு, அங்கே பவளம் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரப் படங்களின் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். 2010-ல் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. 2016-லும் மறுபடி வெளுப்பு வந்தது. மீன்கள் நிறைய இருக்கின்றன, பவளம் மெல்ல மீண்டு வருகிறது. ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு என்று கரையெல்லாம் இரைச்சலாக இருப்பதால் காலையில் முதல் படகில் போய்விடுவதே நல்லது.

செலவு ஏறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தங்குமிடங்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், ராதாநகர் மேற்குக் கரையில். கார் வைத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வாடகை. இரண்டு பேர் என்றால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது பாதிக்கும் குறைவான செலவு. நீர் விளையாட்டுகளின் விலையை ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

எப்போது இதுவே சரி: முதல்முறை வருபவர்கள், ஸ்கூபா ஆசை உள்ளவர்கள், நல்ல அறையும் சாப்பாட்டில் தெரிவும் வேண்டும் என்பவர்கள்.

## நீல் தீவு

இந்தத் தீவுக்குத்தான் அநியாயம் நடக்கிறது. வழக்கமான அட்டவணைப்படி ஹேவ்லாக்கிலிருந்து பகல் கப்பலில் வந்து இறங்குவீர்கள். பரத்பூர் கடற்கரையில் அடியில் கண்ணாடி பதித்த படகு, பிறகு கல் பாலம், அதன் பிறகு லட்சுமண்பூர் அஸ்தமனம், மறுநாள் கிளம்பிவிட வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், கல் பாலத்துக்குக் கடல் வற்றியிருக்க வேண்டும், பரத்பூரில் கண்ணாடிப் படகு ஓட கடல் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அரை நாளில் வந்து போகிறவருக்கு ஒன்று கிடைத்தால் இன்னொன்று பெரும்பாலும் கிடைக்காது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கல் பாலத்துக்குக் கூட்டிப்போகப்பட்டு, தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, இதற்கா வந்தோம் என்று திரும்புகிறவர்கள் நிறைய.

கடல் நன்றாக வற்றிய நேரத்தில் போனால் கதையே வேறு. பாலம் வரைக்கும் தட்டையான பாறைப் பரப்பு திறந்து கிடக்கும். அதில் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளில் கடலின் சிறிய உலகம் அப்படியே தங்கியிருக்கும். கடல் அட்டை, நட்சத்திர மீன், நண்டு, சின்னச் சின்ன வரி மீன்கள், வாயைத் திறந்து மூடும் சிப்பிகள், உயிருள்ள பவளம் எல்லாவற்றையும் முழங்கால் நனையாமல் பார்க்கலாம். ஸ்கூபாவுக்குப் பெருந்தொகை கட்ட முடியாதவர், தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர், ஆறு வயதுக் குழந்தை ஆகிய மூவருக்கும் ஒரே செலவில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உள்ளூர் வழிகாட்டிகள் பாதுகாப்பாகக் காலை எங்கே வைக்கலாம் என்று காட்டுவார்கள். கேட்கும் சிறு தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அவர்கள் இல்லாமல் போனால் நம்மை அறியாமல் எதையாவது மிதித்துவிடுவோம். உறுதியான ரப்பர் செருப்பு கட்டாயம். வெறும் காலோடு போனால் பாறை கிழிக்கும், வழுக்கும் செருப்போடு போனால் விழுந்து எழ வேண்டும். முட்டி வலிக்காரர்கள் கரையிலேயே இளநீர் கடையில் உட்கார்ந்திருப்பது நல்லது.

இரண்டு இரவு தங்கினால் என்ன கிடைக்கும் என்றால், வற்றும் நேரம் எப்போது வந்தாலும் அதைப் பிடித்துவிடலாம். சீதாப்பூரில் ஒரு விடியல், லட்சுமண்பூரில் ஒரு மாலை, நடுவில் சைக்கிளில் தீவைச் சுற்றி வரலாம். தீவு சிறியது, பெரும்பாலும் சமதளம். வழியெல்லாம் நெல் வயல், வாழை, காய்கறித் தோட்டம். போர்ட் பிளேயர் சந்தைக்குப் போகும் காய்கறியில் கணிசமான பங்கு இங்கிருந்துதான். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியேற்றப்பட்ட தீவு இது. கடற்கரைகளின் பெயர்களில் ராமாயணம் முழுக்க இருப்பதும் அவர்களால்தான். கடைகளில் வங்காளமும் இந்தியும்தான் ஓடும். போர்ட் பிளேயரில் தமிழை வைத்தே சமாளித்தவர்கள் இங்கே கொஞ்சம் இந்தி தேட வேண்டியிருக்கும்.

குறைகளையும் சொல்லவேண்டும். மாலைக்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கடைகள் குறைவு. கரை மணலில் கண்ணுக்குத் தெரியாத மணல் பூச்சிகள் கடிக்கும், அரிப்பு நாள் கணக்கில் நிற்கும். ஹேவ்லாக்கிலும் இது உண்டு. தேங்காய் எண்ணெயை நன்றாகத் தடவிக்கொண்டு, வெறும் மணலில் உட்காராமல் துண்டு விரித்து உட்காருங்கள்.

எப்போது இதுவே சரி: சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், கையில் பணம் குறைவாக இருப்பவர்கள், இடம் இடமாக ஓடாமல் ஒரு கரையில் நின்று பார்க்க விரும்புகிறவர்கள்.

## போர்ட் பிளேயரைச் சுற்றி

செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு நகரை முடித்துவிட்டதாக நினைக்கிறோம். இயற்கை என்று பார்த்தால் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நல்ல இடங்கள் இருக்கின்றன.

முதலாவது வண்டூர். 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு இங்கிருந்துதான் படகு. பூங்காவில் 15 தீவுகள், சுற்றுலாவுக்குத் திறப்பது ஜாலிபாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டை மட்டும். அவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை, ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று, மறு பகுதியில் மற்றது. ஓய்வு கிடைக்கும் தீவின் பவளம் தேறட்டும் என்பதற்கான ஏற்பாடு. பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டித் திரும்பக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மாலைக்குள் திரும்ப வேண்டும், தீவில் கடை எதுவும் கிடையாது. இவ்வளவு கெடுபிடி இருப்பதால்தான் பவளம் பார்க்க நான் எலிஃபென்ட் கடற்கரையைவிட இதைச் சொல்வேன்.

வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் என்ற இடத்தில் சாலையோரம் நீர் தேங்கிய பெரிய பரப்பு வரும். 2004 நிலநடுக்கத்துக்கு முன் அங்கே விளைநிலங்கள் இருந்தன. அந்த நாளில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்க, கடல் உள்ளே வந்து தங்கிவிட்டது. அதே நடுக்கத்தில் வடக்குப் பக்கம் நிலம் மேலே எழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. தீவுகள் எவ்வளவு நடுக்கமான தரையின் மேல் நிற்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிதான இடமில்லை. ஓட்டுநரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிடியா டாப்பு. நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தெற்கே. காட்டுச் சாலை, பறவைகள், முனையில் முண்டா பஹாட் என்ற குன்றுக்கு ஒரு நடைபாதை. மாலை வெளிச்சம் சீக்கிரம் போய்விடும் என்பதால் மூன்று மணிக்கே ஏறத் தொடங்குங்கள். மூன்றாவது மவுண்ட் ஹேரியட், 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறப் படம் இந்தப் பக்கத்துக் காட்சிதான்.

எப்போது இதுவே சரி: மூன்று நாள்தான் கிடைத்தது, கப்பல் ரத்தானது, அல்லது பெற்றோருக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் இந்தச் சுற்றுவட்டமே போதும். அவர்கள் வண்டூர்க் கரையோடு நின்றுகொண்டு மற்றவர்கள் படகில் போகலாம். ஏமாற்றத்தோடு ஏற்க வேண்டிய மாற்று இது இல்லை.

## பாரட்டாங்

முதலில் நல்லதைச் சொல்கிறேன். படகு அகன்ற நீரிணையிலிருந்து சுரபுன்னைக் காட்டுக்குள் திரும்பி, இருபுறமும் வேர்கள் வளைந்து தொங்க, குறுகிக்கொண்டே போகும் ஓடையில் நுழையும். பிச்சாவரத்தைப் பார்த்து ரசித்தவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். இறங்கியதும் ஒன்றரை கிலோமீட்டர் நடை, அதன் முடிவில் சுண்ணாம்புக் குகை. அருகே சேற்று எரிமலை என்று ஒன்றையும் காட்டுவார்கள். சேறு மெல்லக் குமிழியிடும் சிறு மேடு அது. எரிமலை என்ற பெயரைக் கேட்டுப் போகிறவர்கள் முகம் வாடித் திரும்புவார்கள்.

இனி விலை. போர்ட் பிளேயரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வண்டிகளைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் கூட்டமாக, காவலோடு விடுவார்கள். திரும்பும்போதும் அப்படியே. ஒரு மணி நேரக் குகைக்காக ஒரு முழு நாளும் ஒரு இரவின் தூக்கமும் போகும்.

காவல் எதற்கு? அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டை ஊடுருவிப் போகிறது. அவர்கள் சில நூறு பேர்தான். வெளியாரைத் தங்கள் எல்லைக்குள் விடாமல் இருந்தவர்கள் 1990-களின் கடைசியில்தான் மெல்ல வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய் அவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். காப்புக் காட்டுக்குள் போகும் சாலைப் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு முன்னால் ஜாரவா பெண்களை ஆடவைத்த காணொளி 2012-ல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அதன்பின் கெடுபிடி கூடியது. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், எதையாவது கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

அந்தச் சாலை வடக்கே இருக்கும் ஊர்மக்களுக்கு வாழ்வாதாரம், அவர்கள் போவதை நான் குறை சொல்லவில்லை. குகை பார்க்கப் போகும் நாம் அப்படிப்பட்ட தேவையில் இல்லை. ஓட்டுநர் "அதிர்ஷ்டம் இருந்தால் ஜாரவாவைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறவே வேண்டாம் என்று சொல்வேன். பாரட்டாங்குக்குக் கடல் வழியாகப் படகு ஓடுகிறதா என்று போர்ட் பிளேயரில் கேட்டுப் பாருங்கள். ஓடினால் அதில் போய் வாருங்கள், சுரபுன்னைக் காடும் குகையும் போய்ப் பார்க்கத் தகுந்தவைதான். ஓடாவிட்டால் அந்த நாளை நீலுக்குக் கொடுங்கள்.

## திக்லிப்பூர்

வடக்கு முனை. ஆறு நாள் பயணத்தில் இதைச் சேர்க்க நினைத்தால் ஹேவ்லாக், நீல் இரண்டையும் விட வேண்டும். அப்படி விட்டுப் போகத் தகுமா என்றால், சிலருக்குத் தகும்.

காலிப்பூர் கடற்கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை இரவுகளில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமையோடு பச்சை ஆமை, அழுங்காமை, எல்லாவற்றிலும் பெரிய தோணி ஆமை என நான்கு வகையும் வரும் கரை இது. வனத்துறைக் காவலர்களோடு மட்டும், விளக்கு அடிக்காமல், தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு இரவில் ஒன்றும் வராமலும் போகலாம், அதனால்தான் மூன்று இரவு என்கிறேன். ராஸ், ஸ்மித் என்ற இரண்டு சிறு தீவுகளைக் கடல் வற்றும்போது ஒரு மணல் பாதை சேர்த்துவிடும். ஏரியல் பே துறையிலிருந்து படகும் அனுமதியும் வாங்கிப் போகலாம். (போர்ட் பிளேயர் எதிரே இருக்கும் ராஸ் தீவு வேறு, இது வேறு.) நடக்கத் தயங்காதவர்களுக்கு 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம், இந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயர்ந்தது. அதிகாலையில் கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு திரும்ப முடியும்.

போகும் வழிதான் சிக்கல். சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் அதே ஜாரவா காப்புக் காடு வழியாக. மாற்று வழிகள் இரண்டு. ஒன்று போர்ட் பிளேயரிலிருந்து அரசு இரவுக் கப்பல். இன்னொன்று நடு அந்தமானில் உள்ள ரங்கத்துக்குக் கப்பலில் போய் அங்கிருந்து சாலையில் வடக்கே போவது. இரண்டாவதில் காப்புக் காட்டைத் தொடாமல் போய்விடலாம், கடற்கரையோரச் சாலையும் அழகு. ஆனால் கப்பல் தினமும் இருக்காது, டிக்கெட் உறுதி கடைசி நேரத்தில்தான் தெரியும். தங்குமிடம் எளிமையானது, தொலைபேசி சிக்னல் விட்டு விட்டு வரும், ரொக்கம் கையில் இருக்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: இரண்டாவது முறை அந்தமான் வருபவர்கள், எட்டு நாளுக்கு மேல் கையில் உள்ளவர்கள், ஆமைக்காகவே வருபவர்கள். குழந்தைகளோடு முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## எந்த மாதம் என்பதும் முடிவை மாற்றும்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பு, நீர் கலங்கல், கப்பல் நிச்சயமில்லை. அறை வாடகை குறைவு என்று அந்த மாதங்களில் போகிறவர்கள் போர்ட் பிளேயரையும் ஒரே ஒரு தீவையும் வைத்துக்கொள்வது நல்லது. அக்டோபர், நவம்பரிலும் மழை உண்டு, வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலமும் அதுதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, நீர் தெளிவு. பொங்கல் விடுமுறையில் கூட்டமும் வாடகையும் உச்சம். பிப்ரவரி, மார்ச் என் தேர்வு.

## நான் எப்படிப் பிரிப்பேன்

முதல்முறை வரும் குடும்பம் என்றால்: வந்திறங்கும் நாளே மதியக் கப்பலில் ஹேவ்லாக், இரண்டு இரவு. பிறகு நீல், இரண்டு இரவு. கடைசி இரவு போர்ட் பிளேயர், அன்று மாலை சிடியா டாப்பு. ஜாலிபாய் வேண்டுமென்றால் ஹேவ்லாக்கில் ஒரு இரவைக் குறைத்துப் போர்ட் பிளேயரில் கூட்டுங்கள். நீலில் குறைக்காதீர்கள். ஓத அட்டவணையில் நீல் தங்கும் இரண்டு நாளிலும் வற்றும் நேரம் இருட்டில் விழுந்தால் தீவுகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள், ஆனால் ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் இடையே நேரம் இருக்கிறதா என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.

வயதான பெற்றோரோடு என்றால் நீலும் போர்ட் பிளேயரும் மட்டும். கப்பலில் பெரிய தனியார் கப்பலாகப் பார்த்து, காலை நேரப் பயணமாக எடுங்கள், கடல் பொதுவாக அப்போது அமைதியாக இருக்கும். வாந்தி வருபவர்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

நண்பர்களாக, எட்டு ஒன்பது நாள் கையில் வைத்துக்கொண்டு பிப்ரவரியில் போகிறவர்கள் ரங்கத் வழியாகத் திக்லிப்பூர் போங்கள். திரும்பும் வழியில் நீலில் இரண்டு இரவு கிடைத்தால் போதும்.

டிக்கெட் எடுக்கும் வரிசையும் முக்கியம். விமானம், அதன்பின் கப்பல், அதன்பின் அறை. அறையை முதலில் போட்டுவிட்டுக் கப்பல் கிடைக்காமல் முன்பணத்தை இழப்பவர்கள் அதிகம். கடைசி நாள் பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பைகளை ஒருமுறை திறந்து பாருங்கள். பவளத் துண்டு ஒன்று இருந்தாலும் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், வனவிலங்குச் சட்டப்படி வழக்கும் வரலாம். கிளிஞ்சல்களிலும் பல வகை அதே சட்டத்துக்குள் வருகின்றன. நீலிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் எடுத்த கரையிலேயே திரும்பப் போடச் சொல்லிவிடுங்கள்.